முன்னால் போன பை

நயினாதீவு இறங்குதுறையில் படகு எப்போது எடுக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் படகுக்காரரிடம் போவதில்லை, மீனாம்பிகையிடம்தான் கேட்பார்கள். துறைக்கு எதிரே தகரக் கூரை போட்ட சின்னத் தேத்தண்ணிக் கடை அவருடையது. கேத்திலில் இருந்து கண்ணை எடுக்காமலே, "முன்னுக்கு நிக்கிறது நிரம்பீட்டுது. அடுத்தது எடுக்க இருபது நிமிசம் செல்லும். இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்பார். இது வியாபாரப் பேச்சு என்று எண்ணி விறுவிறுவென்று போனவர்கள் இருபது நிமிடம் வெயிலில் காய்ந்ததுதான் மிச்சம்.

கணவர் தெற்கே சிங்களப் பகுதியான மாத்தறையில் ஒரு கடையில் நின்றவர். கலவரத்தோடு ஊருக்குத் திரும்பி வந்தபோது அவர் கொண்டுவந்த ஒரே மூலதனம் தேத்தண்ணி ஆற்றத் தெரிந்த கைதான். அதை வைத்துத்தான் கடை தொடங்கினார். அவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் மீனாம்பிகை கடையைத் திறந்தார். ஊர் இரண்டு நாள் மூக்கில் விரல் வைத்தது, மூன்றாம் நாள் வந்து தேத்தண்ணி குடித்தது.

இந்த அறுபத்தொரு வயது வரைக்கும் அவர் ஒரு படகைத் தவறவிட்டதில்லை. நம்பாவிட்டால் துறையில் யாரையும் கேட்டுப் பார்க்கலாம். தவறவிட்டவர்களைப் பற்றியோ அவர் நன்றாக அறிவார். காத்திருக்கிறவர்களுக்கு முதல் மணித்தியாலம் கோபம் வரும், இரண்டாவதில் பசி வரும், மூன்றாவதில் பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்பார்கள். இருபத்திரண்டு வருடம் பார்த்துப் பழகிய கணக்கு இது.

ஒரே மகள் சயந்தினி போய்ப் பதினொரு வருடம். பாரிஸில் ஒரு பேக்கரியில் வேலை. அகதி என்று அந்த நாடு அவளுக்குக் கொடுத்த பயணப் புத்தகத்தைக் கொண்டு எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் வர ஏலாது. அதனால் இந்தியாவில் சந்திப்பது என்று முடிவாயிற்று. ஒரு கார்த்திகை மாதத்தில் அவளுக்கு லீவு கிடைத்தது. வியாழக்கிழமை இருவரும் திருச்சியில் இறங்குவது, அங்கிருந்து கொடைக்கானல் போவது, அடுத்த புதன்கிழமை பிரிவது. பனையையும் கோயில் கோபுரத்தையும் விட உயரமாக ஒன்றும் இல்லாத தீவில் பிறந்த அம்மாவுக்கு ஒரு மலையைக் காட்டவேண்டும் என்பது மகளின் ஆசை. அம்மாவின் ஆசையில் மலை இல்லை. பதினொரு வருடத்துக்குப் பதிலாகக் கிடைத்த அந்த ஏழு நாளில் ஒன்றும் குறையக்கூடாது, அவ்வளவுதான்.

இங்கேதான் தமையன் சிவபாதம் பஞ்சாங்கத்தோடு வந்து சேர்ந்தார்.

பலாலியில் இருந்து விமானம் எடுப்பது வியாழன் இரண்டு மணிக்கு. வியாழன் ஒன்றரையில் இருந்து மூன்று வரைக்கும் ராகுகாலம். விமானத்தைச் சிவபாதத்தால் மாற்ற முடியாது. ஆனால் எங்களுடைய ஆட்களிடம் அதற்கும் ஒரு வழி உண்டு. பயணப்பையை முன்னதாகவே ஒரு நல்ல நேரத்தில் வீட்டில் இருந்து வெளிக்கிடுத்தி, போகிற வழியில் யாராவது வீட்டில் வைத்துவிடுவார்கள். பை வெளிக்கிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு ஆறுதலாகப் போகலாம்.

"திங்கட்கிழமை ஒன்பதேகால் நல்ல நேரம். கடல் கடக்கிற பயணம் எண்டபடியால் பையும் கடலைக் கடந்து நிக்கவேணும்" என்றார் சிவபாதம். "நான் கொண்டுபோய் மண்கும்பானிலை தங்கச்சி சறோ வீட்டிலை வைக்கிறன். வியாழக்கிழமை போற வழியிலை எடுப்பம்."

"பழஞ்சீலை ரெண்டை வைச்சுத் தாறன், கொண்டு போங்கோ அண்ணை."

"அது பயணமில்லை மீனா, குப்பை. எது இல்லாமல் பயணம் போக ஏலாதோ அது பைக்குள்ளை இருக்கவேணும்."

"அப்ப என்னைத்தான் பைக்குள்ளை வைக்கவேணும்."

பஞ்சாங்கத்தைப் பகிடி பண்ணுவது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். ஆனால் தமையனோடு மல்லுக்கட்ட நேரமில்லை, கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. பாஸ்போட்டையும் டிக்கெட்டையும் இரண்டு சேலைகளையும் ஒரு பச்சைப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டார். திங்கள் ஒன்பதேகாலுக்குப் பை படியிறங்கிற்று.

தீவார் யாரும் பயண நாளன்று வெளிக்கிடுவதில்லை, கடலை நம்பாமல் முதல் நாளே போய்விடுவார்கள். மீனாம்பிகையும் புதன்கிழமை போவதாகத்தான் இருந்தார். செவ்வாய் பின்னேரமே வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னது. புதன் விடிய வாடைக்காற்று எழும்பிப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். துறையில் அறுபது எழுபது யாத்திரிகர்கள் அந்தரப்பட்டு நின்றார்கள். மீனாம்பிகை பயணச் சேலையின் கொய்யகத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடையைத் திறந்தார். வீட்டில் இருந்து கடலைப் பார்த்தால் மனம் பதறும், கடையில் நின்றால் கை வேலை செய்யும். அன்று பால்மா முடியும்வரை தேத்தண்ணி ஊற்றினார். கடலை நிமிர்ந்து பார்க்காமலே ஊற்றினார்.

வியாழன் காலை காற்றுக் கொஞ்சம் விழுந்தது. முதற்படகிலேயே இடம் பிடித்து, சிவபாதத்தோடு குறிகட்டுவானில் இறங்கி, பஸ் ஏறி மண்கும்பானுக்கு வந்தார். ஒன்றுவிட்ட தங்கை சறோஜினிதேவியின் வீடு பூட்டியிருந்தது. போன் எடுத்துப் பார்த்தால் மணி பூட்டிய வீட்டுக்குள்ளேயே அடித்தது. முன்வீட்டுப் பெண் வந்து, "அக்கா விடிய ஒரு பச்சைப் பையோடை பஸ்ஸுக்குப் போனவ. எங்கை எண்டு கேக்கேல்லை" என்றாள். பயணம் போகிறவரை எங்கே என்று கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை, அவளைக் குறை சொல்ல முடியாது.

சிவபாதத்துக்கு முகம் வெளிறிவிட்டது. படியில் குந்திவிட்டார். "என்னாலைதான் எல்லாம்" என்றார். பதினொரு மணிக்கு முன்னர் பலாலியில் நிற்கவேண்டும். மணி ஒன்பதாகிக்கொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் தமையனை அந்த இடத்திலேயே உரித்து எடுத்திருப்பார்கள். மீனாம்பிகை கேள்விதான் கேட்டார்.

"உங்கடை சட்டப்படி வெளிக்கிட்ட பை பின்னுக்குத் திரும்பலாமோ அண்ணை?"

"திரும்பக்கூடாது."

"அதைச் சறோவுக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம், வடிவாய்ச் சொன்னனான்."

"அவள் சொன்னதை மீறுற ஆளோ?"

"இல்லை."

"அப்ப பை முன்னுக்குத்தான் போயிருக்கு. எழும்புங்கோ."

கையில் பாஸ்போட் இல்லாமல், தான் ஒருநாளும் நம்பாத ஒரு சட்டத்தை நம்பி, அந்த மனிசி ஓட்டோ பிடித்துப் பலாலிக்கு விட்டார். வழி நெடுகத் தமையனின் கையைப் பிடித்திருந்தார். தைரியம் சொல்லப் பிடித்தாரா, தைரியத்துக்குப் பிடித்தாரா என்பது அவருக்கே தெரியாது.

விமான நிலைய வாசலில் சறோஜினிதேவி பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"நேற்றுப் படகில்லை எண்டு கேள்விப்பட்டன் அக்கா. நீங்கள் இறங்கி ஏறி மினக்கெடக்கூடாது எண்டு நானே கொண்டந்திட்டன். போனைச் சார்ச்சிலை போட்டது பஸ்ஸுக்குள்ளைதான் ஞாபகம் வந்தது."

மீனாம்பிகை பையை வாங்கி, பாஸ்போட்டைத் தொட்டுப் பார்த்து, தங்கையின் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

இவ்வளவு பாடுபட்டுப் போனால் விமானம் இல்லை. திருச்சியில் கடும் மழை, இறங்க முடியாது என்றார்கள். மூன்று மணி என்றார்கள், பிறகு நான்கரை என்றார்கள். முதல் மணித்தியாலம் எல்லோருக்கும் கோபம் வந்தது. கனடாவில் இருந்து கோயில் பார்க்கக் குடும்பத்தோடு புறப்பட்ட ரஜீபன் என்பவர் மேசையில் இருந்த பெண்ணோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மீனாம்பிகை பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, அந்தப் பிள்ளையாலை மழையை நிப்பாட்ட ஏலாது. உம்மடை சின்னவன் பசியிலை சிணுங்கிறான், அவனைப் பாரும்."

சொல்லிவிட்டு, மகளுக்கென்று சுட்டுக் கட்டிய பயத்தம்பணியாரத்தைப் பிரித்தார். முதல் பணியாரம் சின்னவனுக்கும் இரண்டாவது மேசைப் பெண்ணுக்கும் போயிற்று. அந்தப் பெண் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். மூன்றாவது மணித்தியாலம் ரஜீபனே வந்து, "அம்மா எந்த ஊர்?" என்று கேட்டார்.

ஐந்து மணிக்கு அன்றைய பறப்பு இல்லை என்று அறிவித்தார்கள். வெளியே நின்ற சிவபாதம் பையோடு வீட்டுக்குத் திரும்பக்கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். யாரிடம் தங்குவது என்ற கவலை மீனாம்பிகைக்கு வரவில்லை. வருடாவருடம் திருவிழாவுக்கு வந்து அவருடைய கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற குடும்பம் ஒன்று புன்னாலைக்கட்டுவனில் இருந்தது. போன் போட்டதும் பத்து நிமிடத்தில் வாகனம் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமையும் விமானம் வரவில்லை. சயந்தினி திருச்சியில் ஒரு லொட்ஜ் அறையில் தனியாக இருந்து போனில் அழுதாள்.

"ரெண்டு நாள் போச்சம்மா. ஏழிலை ரெண்டு போச்சு. இனி எப்ப லீவு தருவாங்களோ தெரியாது."

மீனாம்பிகையும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார், வெளியில் காட்டவில்லை, அவ்வளவே. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னார்.

"நான் திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கு வெளிக்கிட்டனான் பிள்ளை. அண்டு தொடக்கம் உன்னட்டை வந்துகொண்டுதான் இருக்கிறன். பிந்துது, ஆனால் வாறன்."

"என்னம்மா சொல்லுறியள்?"

பையின் கதை முழுவதையும் சொன்னார். பூட்டிய வீட்டுக்குள் போன் அடித்த இடத்தில் மகள் அழுகையோடு சிரித்துவிட்டாள். பிறகு, "பை போனால் ஆள் போன மாதிரியோ அம்மா?" என்று கேட்டாள். "ஓம், உன்ரை மாமான்ரை சட்டம் அப்பிடி" என்றார் மீனாம்பிகை.

சனிக்கிழமை பின்னேரம் திருச்சியில் இறங்கினார். மகளுக்கு நரை விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் இவ்வளவு நாளும் அடக்கிய அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. அழுது முடித்தபின் அவர் கேட்ட முதற்கேள்வி, "சாப்பிட்டனியோ?" என்பதுதான்.

மழையில் மண் சரிந்து கொடைக்கானல் பாதையில் வாகனங்களை விடவில்லை. மிச்ச நாளும் திருச்சியிலேயே போயின. ஞாயிறன்று மலைக்கோட்டைக்கு மகளின் தோளைப் பிடித்து நானூறு படி ஏறினார். "உதுதானே மலை. போதும், பாத்தாச்சு" என்றார். மகளின் தலைக்கு எண்ணெய் வைத்தார். ஊரில் உள்ள தேத்தண்ணிக் கடை ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்து, ஒன்றும் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். திங்களன்று சயந்தினி ஒரு கடையில் தனக்குப் புதுக் கண்ணாடி செய்வித்தாள். மகளின் மூக்கில் நல்ல கண்ணாடி ஒன்று இருக்க இன்னொன்று எதற்கென்று அம்மாவுக்கு விளங்கவில்லை.

புதன் காலை விமான நிலையத்தில் சயந்தினி ஒரு நீலப் பையை நீட்டினாள்.

"இதை வீட்டை கொண்டுபோய் வையுங்கோ அம்மா."

"ஆருக்கு?"

"எனக்கு. மாற்றுச் சட்டை ஒண்டு, செருப்பு ஒரு சோடி, அந்தப் புதுக் கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் எனக்குத் துறையிலை இருந்து வீட்டை போக வழி தெரியாது. அது இல்லாமல் பயணம் ஏலாதெல்லோ."

மீனாம்பிகைக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் பையை இரண்டு கையாலும் வாங்கினார். பொதி நிறுக்கிற இடத்தில் இரண்டு கிலோ கூட என்றார்கள். கடைக்கென்று வாங்கிய இரண்டு பெரிய பிளாஸ்க்கையும் எடுத்து மகளின் கையில் கொடுத்துவிட்டு, நீலப் பையோடு உள்ளே போனார்.

நாலு மணிக்குக் குறிகட்டுவான் துறைக்கு வந்தபோது படகு நின்றது, இடமும் இருந்தது. கூட்டிப்போக வந்திருந்த சிவபாதம் ஏறப்போனார்.

"நில்லுங்கோ அண்ணை. இப்ப நேரம் எப்பிடி?"

சிவபாதம் தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் சட்டைப் பையில் இருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். "அஞ்சு மணி மட்டும் மரணயோகம். அதுக்குப் பிறகு சித்தயோகம், நல்லது. உனக்கேன் உது?"

மீனாம்பிகை துறையில் கிடந்த வாங்கில் போய் இருந்து நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் படகு போயிற்று. அடுத்ததும் போயிற்று. படகுக்காரன் மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அக்காவுக்குச் சுகமில்லையோ என்று சிவபாதத்திடம் இரகசியமாகக் கேட்டான். வாழ்நாளில் ஒரு படகைத் தவறவிடாத மனிசி கண்முன்னால் இரண்டைப் போகவிட்டுக்கொண்டு இருந்தார்.

ஐந்தேகாலுக்கு எடுத்த படகில் ஏறினார். வீட்டுக்குப் போய், கால் கழுவி, பையைச் சாமியறையில் ஒரு கதிரை போட்டு அதன்மேல் வைத்தார். பிறகு மகளுக்குப் போன் எடுத்தார். அவள் இன்னும் விமானம் ஏறவில்லை.

"பை வீட்டை வந்திட்டுது பிள்ளை, நல்ல நேரத்திலை. நீ வெளிக்கிட்டாச்சு. இனி ஆறுதலாய் வா."