சத்தம் போடாத டிஸ்க்

யார் வீட்டு ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் எங்கேயோ போய், ஃபிரிட்ஜ்காரர் என்பதே நிலைத்துவிட்டது. அந்த ஃபிரிட்ஜ்காரர் அன்று வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, சலவைச் சட்டை மாட்டி, வாரிய தலையையே மறுபடி வாரிக்கொண்டிருந்தார்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அலங்காரம் இல்லையே! யாரைப் பார்க்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஹார்ட் டிஸ்க் பார்க்கப் போறேன்!" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.

டிஸ்க் அவருக்கில்லை, அக்காவுக்கு. மாடி அறையில் இருக்கும் அக்கா ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. அவளிடம் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கீபோர்டும் உடம்பும் ஒன்றாகவே இருக்கும், டிவியோடு மாட்டுகிற பழைய வகை. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் டைப்ரைட்டரா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அது பாடுமய்யா! கட்டைக்கு ஒரு சுரம். முக்கியமான கட்டைகளில் தம்பி பசையால் பொட்டு வைத்துக் கொடுத்திருந்தார். வேலை முடிந்து வந்தால் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு மெட்டுப் போட உட்கார்ந்துவிடுவாள். "அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்தா மட்டும் யாரும் எனக்குக் கை பிடிச்சு வழி காட்ட வேண்டாம்டா" என்பாள்.

அந்த மெஷினின் டிஸ்க்தான் கொஞ்ச நாளாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. தலையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் சுற்றவே ஆரம்பித்தது. அக்கா போட்ட மெட்டு அத்தனையும் அதற்குள்தான். இன்றோ நாளையோ அது மொத்தமாக நின்றுவிட்டால் எல்லாம் அம்போ. ஃபிரிட்ஜ்காரருக்குக் கவலைதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், கவலையைவிடக் குஷி அதிகம். ஒரு டிஸ்க் தேர்ந்தெடுக்கக் காரணம் கிடைத்துவிட்டதே!

பழைய மின்சாமான் கடைக்காரர் மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது, புத்தம் புது டிஸ்க். கடலளவு இடம். ஆனால் அதன் வாலை இந்தக் கிழட்டு மெஷினில் சொருகவே முடியாது. இரண்டாவது, அக்காவுடையதைப் போலவே ஒரு பழைய டிஸ்க். காதருகே வைத்துக் கேட்டார், நன்றாகத்தான் சுற்றியது. கர்ர்... கர்ர்... டொக். மூன்றாவதைப் பார்த்ததும் ஃபிரிட்ஜ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கேமராவில் போடுகிற மெமரி கார்டு. அதைத் தாங்க ஒரு குட்டிப் பலகை. மெஷின் அதையே டிஸ்க் என்று நம்பிக்கொள்ளுமாம்!

"இதுல சுத்துறதே ஒண்ணும் இல்லண்ணே. தேயாது, சூடாகாது, சத்தமே வராது."

"சத்தமே வராதா?"

"மூச்சுகூட விடாது."

ஃபிரிட்ஜ்காரர் வாழ்நாள் முழுக்கச் சத்தத்தோடு மல்லுக்கட்டியவர். சத்தம் போடுகிற ஃபிரிட்ஜ் என்றால் நோயாளி ஃபிரிட்ஜ். அதனால் இரண்டாம் யோசனையே இல்லாமல் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

பழைய டிஸ்க்கைத் தட்டி எழுப்பி, ஒரே வயரில் இரண்டையும் மாட்டி, மெட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசி மெட்டும் வந்து சேர்ந்ததும் மாடியே அதிருகிற மாதிரி ஒரு கத்து. "அக்கா! ஒண்ணுகூட விடாம வந்துடுச்சு! இனிமே இதுக்குச் சாவே கிடையாது!" அக்கா கை தட்டிச் சிரித்தாள்.

மறுநாள் மாலை அவர் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து கூப்பிட்டாள். குரல் சரியில்லை. ஓடினார்.

"உன் கார்டு என் புதுப் பாட்டை முழுங்கிடுச்சுடா."

அவர் கார்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். பழைய மெட்டுகள் எல்லாம் பத்திரம். புதியது மட்டும் பாதியில் அறுந்து கிடந்தது.

"என்ன பண்ணின, அக்கா? முதல்ல இருந்து சொல்லு."

"வழக்கம்போல பாட்டை முடிச்சேன். சேவ் பண்ற கட்டையை அழுத்தினேன். கர்ர்னு ஆரம்பிக்கவே இல்ல. சரியா அழுத்தலையோன்னு இன்னொரு தடவை அழுத்தினேன். அப்பவும் சத்தமில்ல. மெஷின் அப்படியே நின்னுபோச்சுன்னு நினைச்சு ஸ்விட்சை அணைச்சேன்."

ஃபிரிட்ஜ்காரருக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. அது நின்றுபோகவில்லை. சத்தமே இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தது. பாதி எழுத்தில் அணைத்துவிட்டாள். டிஸ்க் வேலை செய்கிறதா என்று பார்க்க அவருக்கு மெஷின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. அக்காவுக்கு அந்தக் கர்ர்தான் விளக்கு. கடைசி டொக்தான் 'முடிந்தது, இனி அணைக்கலாம்' என்ற தகவல். இத்தனை வருஷம் அந்த மெஷினைப் பிரித்து மாட்டியவருக்கு இது உறைக்கவில்லையே! ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"பரவாயில்லக்கா. நீ சேவ் பண்ணும்போது என்னைக் கூப்பிடு. நான் விளக்கைப் பார்த்துச் சொல்றேன்."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "ஒவ்வொரு தடவையும் உன்னைக் கூப்பிட்டு, முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கேட்கணுமா? எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்டா. அதுக்கும் ஆள் வேணும்னா, எடுத்துக்கிட்டுப் போயிடு இந்த மெஷினை."

அவர் மெல்ல அறையை விட்டு வெளியே வந்தார். கடைக்கு ஓடி அந்தப் பழைய டிஸ்க்கையே வாங்கிவிடலாமா? வாங்கலாம். அதுவும் ஒருநாள் கிறீச்சிடும், பாட்டோடு போய்ச் சேரும். படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். கீழே வராந்தாவில், பிரித்துப் போட்ட ஃபிரிட்ஜ் ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது.

"அடச்சே! இது எனக்கு முதல்லயே தோணலையே!"

ஃபிரிட்ஜ் மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் ரிலே என்கிற ஒரு குட்டிப் பெட்டி. ஒவ்வொரு தடவையும் டொக் என்று தட்டும். அவரிடம் அது ஒரு டப்பா நிறைய இருந்தது. இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மாடிக்குத் தாவினார். மெஷினைத் திறந்து, சிவப்பு விளக்குக்குப் போகும் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்தார். அந்த மின்சாரம் ரிலேயை அசைக்கப் போதாது, அதைப் பெருக்கிக் கொடுக்க நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்தார். இனி விளக்கு மின்னும்போதெல்லாம் ரிலே தட்ட வேண்டும். அவசர அவசரமாக வயரைப் பற்றவைத்ததில் சால்டரிங் இரும்பு இரண்டு முறை விரலைச் சுட்டது. யாருக்கு அதெல்லாம் உறைத்தது!

"என்னடா பண்ற?"

"பேசாம வந்து உட்காரு, அக்கா. போன பாட்டைத் திரும்பப் போடு."

"அது தலையில இருக்கு, எங்கேயும் போயிடல," என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். விரல்கள் பொட்டுகளைத் தேடிப் பிடித்தன. மெட்டு மறுபடி எழுந்தது. போன தடவையைவிட இந்தத் தடவை நன்றாக வந்தது என்று அவளே ஒத்துக்கொண்டாள். பிறகு சேவ் கட்டையை அழுத்தினாள்.

டொக். டொக் டொக். டொக் டொக் டொக்.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காதைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, உதட்டோரம் சிரிப்பு முளைக்க அப்படியே உட்கார்ந்திருந்தாள். டொக் டொக் டொக். கடைசியாக ஒரு டொக். அப்புறம் அமைதி. சிவப்பு விளக்கும் அணைந்தது.

தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "முடிஞ்சு..." என்று வாயைத் திறந்தார்.

"நீ சும்மா இருடா," என்று கையை உயர்த்தினாள் அக்கா. "அதுவே சொல்லிடுச்சு."

சொல்லிவிட்டு, தானே ஸ்விட்சை அணைத்தாள்.