ஓட்டத்தின் நடுவே ஒரு ரொட்டி

என் மாமா தலவாக்கலையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. ஒருநாள் மத்தியானம் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி இறங்கியவர், "அக்கா, ஒங்க பேரக் குடுத்துட்டேன்" என்றார். தேயிலைத் தோட்டங்களுக்குள் புகுந்து வட்டகொடைப் பக்கமாகச் சுற்றி வரும் நீண்ட ஓட்டப் போட்டி அது. கொழும்பிலிருந்தெல்லாம் வந்து ஓடுவார்கள்.

அம்மா கொழுந்து பறிப்பவள். தோட்டத்துப் பொங்கல் விளையாட்டில் வருடா வருடம் எல்லாரையும் முந்தி வந்து, ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வீடு திரும்புவாள். எங்கள் வீட்டு வாளிகள் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் அது மைதானத்தைச் சுற்றுகிற ஓட்டம். இது மலை ஏறி இறங்குகிற ஓட்டம்.

"அம்புட்டுத் தூரம் ஓட முடியுமாடா?" என்று கேட்டாள். முடியாது என்று அவள் சொல்லாததை மாமா இறுகப் பிடித்துக்கொண்டார்.

அன்றே அவர் பயிற்சியாளராகிவிட்டார். தொலைபேசியில் பார்த்துப் பார்த்து ஏதேதோ கற்றுக்கொண்டார். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் நடுவழியில் உறிஞ்சிக் குடிப்பதற்கென்று ஒரு கூழ் உண்டாம். கொழும்பில் யாரிடமோ சொல்லி, மினுங்குகிற பைகளில் அதை வரவழைத்தார். எனக்கு ஒரு சொட்டு நாக்கில் வைக்கக்கூடத் தரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை ரோட்டில் அம்மா ஓடிப் பழகினாள். மாமா ஆட்டோவில் பின்னாலேயே போனார். நான் அவர் பக்கத்தில். மேட்டில் வைத்து ஒரு பையைக் கிழித்துக் கொடுத்தார். அம்மா உறிஞ்சினாள். கொஞ்ச தூரம்தான் ஓடியிருப்பாள். ரோட்டோரத் தண்ணிக் கானில் குனிந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டு, தலை சுற்றுகிறதென்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

அம்மா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "டேய் தம்பி, இது பசைடா. இத வச்சு சுவத்துல நோட்டீஸ் ஒட்டலாம்."

"எல்லாரும் இதத்தாங்க்கா குடிக்கிறாங்க."

"குடிக்கட்டும். நான் மலையில என்னத்தத் திங்கிறேனோ, அதத் தின்னுட்டு ஓடுறேன்."

சொன்னதைப்போல அவ்வளவு சுலபமாக அது நடக்கவில்லை. மிளகாய்ச் சம்பல் வைத்த ரொட்டி நெஞ்சை எரித்தது. வெறும் ரொட்டி தொண்டையில் நின்றது. கடைசியில் இரண்டு சரிப்பட்டன: லயத்துக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த உருளைக்கிழங்கில் சின்னதாகப் பார்த்தெடுத்து உப்புப் போட்டு அவித்தது, கித்துல் கருப்பட்டியைச் சீவி உள்ளே வைத்துச் சுருட்டிய தேங்காய் ரொட்டி. குடிக்க, சீனி போட்டு ஆற வைத்த பிளேன்டீ. இதை எல்லாம் ஆட்டோவில் கொண்டுவருவதற்கு மாமாவுக்குக் கொஞ்சம் வெட்கம். "கொழும்புக்காரங்க பாத்தா சிரிப்பாங்க" என்று முணுமுணுத்தார்.

போட்டியன்று காலையில் அப்பாதான் மா பிசைந்து ரொட்டி தட்டினார். ஓட்டத்தைப் பற்றி அதுவரை நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லாதவர். "கல்லு மாதிரி இருந்தா என்னைத் திட்டாத" என்று மட்டும் சொன்னார்.

நானும் மாமாவும் ஏற்றம் தொடங்குகிற ஒரு வளைவில் காத்திருந்தோம். மெல்லிய உடுப்பும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆட்கள் கடந்து போனார்கள். அம்மா வந்தபோது ஓடவில்லை, நடந்துகொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மாமா பதறிப்போய் அந்த மினுங்குகிற பையையே மறுபடி நீட்டினார். எனக்குத் தெரியாமல் சட்டைப் பையில் அதை வைத்திருந்திருக்கிறார். அம்மா அவர் கையைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பொட்டலத்தைப் பிரித்தேன்.

கிழங்கை வாயில் போட்டு, தேத்தண்ணியைக் குடித்து, ரொட்டியை எடுத்துக்கொண்டு அவள் மேட்டில் நடந்தாள். நானும் கூடவே ஓடினேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எனக்குக் கருப்பட்டி வாசனை தாங்கவில்லை. கையை நீட்டினேன். வீட்டில் அவள் ரொட்டியைப் பிய்க்கும்போதே பாதி என் பக்கம் வந்துவிடும், மிச்சத்திலும் அப்பாவுக்கு ஒரு துண்டு போகும். அதனால் கேட்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அம்மா என் கையைப் பார்த்தாள். ரொட்டியைப் பார்த்தாள்.

"இல்லடா கண்ணு. இது அம்மாவுக்கு."

முழுவதையும் தின்றாள். விரலில் ஒட்டியிருந்த கருப்பட்டியையும் நக்கினாள். முந்தானை இல்லாத இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக ஓடத் தொடங்கி, தேயிலைக்கு நடுவே வளைந்து மறைந்துபோனாள். நான் ரோட்டில் நின்று ஓவென்று அழுதேன். "என்னத்துக்கு அழுவுற? அங்க பாரு, ஒங்கம்மா ஓடுது!" என்று மாமா என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

பெண்களில் அம்மா நாலாவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான். மாமா அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டே ஆட்டோ ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன்: "அம்மா எனக்கு ரொட்டி குடுக்கல." அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் வாசற்படியில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"முழுசா ஒன்னு தின்னேங்க" என்றாள்.

ஓட்டத்தைப் பற்றி எவ்வளவோ சொல்ல இருக்க, ஒரு ரொட்டியைப் பற்றி அம்மா ஏன் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறாள் என்றும், அதைக் கேட்டு அப்பா ஏன் தலையைக் குனிந்துகொண்டார் என்றும் எனக்கு விளங்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.