சர்க்கரை ஊசியும் தொண்ணூறு நாளும்

சலூன் பிளேடு. பல் பிடுங்கிய டாக்டர். ஊருக்குப் போனபோது காய்ச்சலுக்குப் போட்ட ஊசி. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த ஆண்களில் பெரும்பாலானவர்கள் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொன்னார்கள். நான் பெங்களூரில் ஓர் அரசு மருத்துவமனையின் எச்.ஐ.வி. பரிசோதனை அறையை நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் பதிவேட்டில் ‘எப்படித் தொற்றியிருக்கலாம்’ என்று ஒரு பத்தி உண்டு. வந்தவர் சொல்வதை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம், எழுதிக்கொண்டால் போதும் என்பது விதி. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். நானும் எழுதிக்கொள்வேன். எழுதும்போது என் இடது புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போகும். புருவத்துக்கு யாரும் விதி வகுத்திருக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆய்வுக்கூடம் அல்சூர் ஏரிக்கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சு. காலையில் நடக்க வரும் கிழவர்கள் என்னையும் சேர்த்து ஆறு பேர், அத்தனை பேருக்கும் சர்க்கரை. சனிக்கிழமை தோறும் நான் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கொண்டுபோவேன். விரலில் குத்தும் பேனா ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு புது ஊசி. அவரவர் ஊசியை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று முதல் நாளே சட்டம் போட்டேன். ஒருவர் ஊசியை இன்னொருவருக்கு மாற்றினால் என்னென்ன வரும் என்று பட்டியலே ஒப்பித்தேன். ஊசிக்குப் பயப்படாதவர்கள் கூட என் பட்டியலுக்குப் பயந்து கையோடு கொண்டுவந்தார்கள்.

வரிசையில் எப்போதும் கடைசி ஆள் மேஸ்திரி. தங்கவயல் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் ஆட்களை மேய்த்தவர். சுரங்கத்தை மூடியபின் பெங்களூருக்கு வந்து செக்யூரிட்டி வேலை பார்த்து, இப்போது விவேக் நகரில் மகள் வீட்டில் இருக்கிறார். மனைவி இறந்து பல வருடமாகிறது. வரிசையில் அவருக்கும் பிறகு நான் எனக்கே குத்திக்கொள்வேன். அந்தச் சனிக்கிழமை மேஸ்திரிக்குக் குத்தி முடித்தபின் என் பையைத் துழாவினால் எனக்கு ஊசி இல்லை. பேனாவில் அவருடைய ஊசி அப்படியே இருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், என் விரலில் குத்திக்கொண்டேன்.

இன்னொருவருக்கு இதைச் செய்திருப்பேனா? சத்தியமாக மாட்டேன். எனக்கே எனக்கு என்றதும் செய்தேன். அரசாங்கத்தில் நெடுங்காலம் இருந்தால் இப்படித்தான் ஆகிவிடும். விதியெல்லாம் பொதுமக்களுக்கு, எழுதியவனுக்கு அதில் விலக்கு உண்டு என்று எங்கோ ஒரு நம்பிக்கை.

பத்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. மேஸ்திரி நடக்க வரவில்லை, நேரே பெஞ்சுக்கு வந்தார். ஸ்வெட்டருக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். கண்புரை ஆபரேஷனுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அவர்கள் இவரிடம் கேட்காமலே எல்லா ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு, “மெஷின் ரிப்பேர், அப்புறம் வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். காகிதத்தில் எச்.ஐ.வி.க்கு எதிரே ‘ரியாக்டிவ்’, அதாவது கிருமி இருக்கக்கூடும் என்று இருந்தது.

“இன்னா சார் இது? மெஷின் ரிப்பேர்னா எனக்கு ஏன் சார் இத்தக் குடுத்தாங்க?”

“ஒரு டெஸ்டை வெச்சு முடிவு சொல்லக் கூடாது மேஸ்திரி. மூணு விதமா பாக்கணும். கேக்காம எடுத்ததே தப்பு, சட்டம் இருக்கு.”

“சட்டம் கெடக்குது சார். ஒருவேளை இருந்தா? கோலார்ல ஒரு சலூன்ல...” என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். “இன்னா சார், புருவம் ஏறுது?”

நான் புருவத்தை இறக்கினேன். அவர் ஏரிப் பக்கம் திரும்பி விரல்விட்டு நாட்களை எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பிய அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“சார். அன்னிக்கு ஊசி தீந்துபோச்சின்னு என் ஊசியிலதான குத்திக்கின நீ?”

அவர் கேட்பதற்கு ஒரு நிமிடம் முன்பே எனக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது. அதோடு எங்கள் வராந்தாவில் நானே பசை தடவி ஒட்டிய சுவரொட்டியும் நினைவுக்கு வந்தது. ஊசி குத்தியிருந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் நான் ஓய்வு பெற்ற அதே அறைக்குப் போனோம். ஆலோசகராக இருப்பவள் பிரேசர் டவுன் பெண், என்னிடம் வேலை பழகியவள். மேஸ்திரிக்கு மூன்று விதமாகவும் பார்த்தார்கள். மூன்றும் ‘இருக்கிறது’ என்றே சொல்லின. அவள் அவரிடம் பேசிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை: தினமும் மாத்திரை, இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் சர்க்கரையோடு வாழ்வது போலத்தான். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “என்னைய வுடும்மா, மொதல்ல இவருக்குப் பாரு” என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அறை வேறு மாதிரி இருந்தது.

“சார், எப்படி ஆச்சு?” என்று பதிவேட்டைத் திறந்தாள்.

“சர்க்கரை பாக்கற ஊசி.”

அவள் நல்ல பெண். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “எழுதிக்கறேன் சார்” என்றாள். இடது புருவம் சற்றே மேலே போயிற்று. விதிகளை மட்டும்தான் கற்றுக்கொடுத்தோம் என்று நினைத்திருந்தேன்.

“உண்மையாவே ஊசிம்மா. இவர் சாட்சி, கேட்டுப் பாரு.”

“நம்பறேன் சார். எல்லாரும் அதான் சொல்லுவாங்க.”

அடுத்து படங்கள் உள்ள அட்டைப் புத்தகத்தைப் புரட்டி விளக்க ஆரம்பித்தாள். அதன் வாசகத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதியவன் நான். கிருமி உள்ளே நுழைந்த அன்றே எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் அது ரத்தத்தில் பெருக வேண்டும். பிறகு அதை எதிர்க்க உடம்பு தன் ஆட்களைத் தயாரிக்க வேண்டும். நம் கருவி பார்ப்பது அந்த ஆட்களைத்தான், அவர்கள் வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். கிருமியையே நேராகத் தேடும் விலை உயர்ந்த சோதனைக்கும் முதல் பத்து நாள் கண் தெரியாது. ஆகவே இன்று ஒரு முறை, ஆறு வாரம் கழித்து ஒரு முறை, மூன்று மாதம் முடிந்து ஒரு முறை. இந்த இடைவெளிக்கு ஜன்னல் காலம் என்று பெயர். பெயர் வைத்தவர் ஜன்னலையே பார்த்ததில்லை போலிருக்கிறது.

“இந்த நாட்களில் அச்சமின்றி அமைதியாகக் காத்திருங்கள்” என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். “புரிஞ்சுதா சார்?”

“இதை எந்த மடையன் எழுதினான்?”

“நீங்கதான் சார்.”

பிறகு ஆணுறை போடும் முறையை மர மாதிரியில் செய்து காட்ட வேண்டிய கட்டம் வந்தது. வேண்டாம் அம்மா, எனக்குத் தெரியும் என்றேன். “தெரிஞ்சவங்களுக்கும் காட்டணும்னு நீங்கதான சார் ரூல் போட்டீங்க? ரிஜிஸ்டர்ல டிக் பண்ணணும்.” காட்டினாள். மேஸ்திரி கூரை மின்விசிறியைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது ஒரு பொட்டலம் ஆணுறையும் கொடுத்து, மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நினைவுபடுத்தினாள்.

அன்றைய முடிவு ‘இல்லை’. இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: அந்தச் சனிக்கிழமைக்கு வெகுநாள் முன்பே கிருமி என்னிடம் வந்திருக்கவில்லை. ஊசியைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நேற்று ராத்திரி தப்பு செய்துவிட்டு இன்று காலையில் வந்து, நெகட்டிவ் என்றதும் சாக்லேட் கொடுத்த பையன்களை நான் எப்படியெல்லாம் கடிந்திருக்கிறேன்! ஆனாலும் அன்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே குதூகலம். இறங்கும்போதுதான் புத்தி வந்தது.

மனைவி கணக்கு டீச்சராக இருந்தவள். மேஸ்திரியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் ‘ஒருவருடைய ஊசி’ என்றேன். அவள் வாழைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“யாரோடது?”

“சொல்லக் கூடாது.”

“அப்போ அந்த நேரத்துல பெஞ்சுல யாரெல்லாம் இருந்தாங்க?”

“மத்தவங்க கிளம்பிப் போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேர்தான்.”

“பக்கத்துல மருந்துக் கடை இல்லியா?”

“இருக்கு. சோம்பேறித்தனம்.”

“சரி” என்றாள். அந்த ‘சரி’ கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதாக எனக்குப் பட்டது. பிறகு பொட்டலத்தைப் பார்த்தாள். “இது எதுக்குங்க? ரெண்டு பேருக்கும் முட்டி வலி. கவர்மெண்டுக்குத்தான் நம்ம மேல எவ்ளோ நம்பிக்கை!”

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. கிருமி புதிதாக நுழைந்தவர்களில் பலருக்கு ஏறக்குறைய அந்த நேரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் பாதி பெங்களூருக்குக் காய்ச்சல் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்தவனுக்குத் தூக்கம் வராது. கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தேன். சட்டையைக் கழற்றி அக்குளில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவினேன். மனைவி கதவருகே வந்து நின்றாள்.

“என்ன தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“கெடச்சா சொல்லுங்க. நானும் அங்கேதான் ஒரு ஊக்கைத் தொலைச்சேன்.”

காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. அதுவும் ஒன்றையும் நிரூபிக்காது. கிருமியால் வரும் காய்ச்சலும் தானே வந்து தானே போகும்.

இதற்கிடையில் மேஸ்திரி மாத்திரை தொடங்கியிருந்தார். வேறோர் ஆஸ்பத்திரியில் சட்டத்தின் பெயரையும் என் பழைய பதவியின் பெயரையும் சொன்னதில் அவருடைய கண் ஆபரேஷனும் நடந்தது. ஆனால் சனிக்கிழமை பெஞ்சுக்கு மட்டும் வரமாட்டார். தினமும் காலை போன் செய்வார். குட்மார்னிங் கிடையாது, நலமா கிடையாது, ஊசி குத்தி எத்தனை நாள் என்ற கணக்கு மட்டும்தான்.

“முப்பத்தெட்டு” என்பார்.

“ஆமா.”

“ஜுரம் கிரம்?”

“இல்ல.”

“சர்தான்” என்று வைத்துவிடுவார். ஆறாவது வாரம் முடிந்து பார்த்ததில் ‘இல்லை’ என்று வந்தது. இது நிஜமாகவே நல்ல சேதி. அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும், கவலையைப் பெருமளவு விடலாம் என்று போனில் அவருக்கு விளக்கினேன். “பெரும்பாலுமா?” என்றார். “மைன்ஸ்ல கயிறு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும் சார். நாங்க தெனமும் பாத்துட்டுத்தான் எறங்குவோம். நாப்பத்திமூணு.” வைத்துவிட்டார்.

தொண்ணூறு முடிந்த மறுநாள் போனேன். ஊசி குத்தினாலும் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிகச் சிறியது என்று எத்தனையோ நர்சுகளுக்குத் தேற்றுதல் சொன்னவன், சோதனைத் தகட்டில் கோடு தோன்றும் அந்த இருபது நிமிடமும் என் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடு, கருவி வேலை செய்கிறது என்பதற்கான கோடு. இரண்டாவது வரவில்லை. ஆலோசகப் பெண் காகிதத்தில் கையெழுத்திட்டு, “வேற ஏதாவது கேக்கணுமா சார்?” என்றாள். அதுவும் நான் எழுதிய கேள்விதான்.

“அந்த ‘அச்சமின்றி’ வரியை எடுத்துடும்மா.”

“சர்க்குலர் வரணும் சார்.”

வெளியே பஸ் நிறுத்தத்தில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். வருவதாகச் சொல்லவே இல்லை.

“இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா? பேப்பர் வர்லியா, இல்ல நோய் வர்லியா? நேரா சொல்லு சார்.”

“நோய் இல்ல மேஸ்திரி. முடிஞ்சுது.”

அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தோளில் கை வைக்கப் போனேன். அதற்குள் நிமிர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தார். சுரங்கத்தில் கயிறு அறுந்தால் பேசும் பாஷை அது, இங்கே எழுத முடியாது. எழுத முடிந்த பகுதி இவ்வளவுதான்: “ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவனுக்கு ஒரு ஊசி வாங்கத் துப்பில்ல! தொண்ணூறு நாளா நான் சோறு துன்னேனா இன்னான்னு உனக்குத் தெரியுமா? என் நோயிக்கு மாத்திர கீது சார். உனக்கு வந்திருந்தா எனக்கு இன்னா மாத்திர?” பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மறு சனிக்கிழமை பெஞ்சுக்கு வருவதாக ஒப்புக்கொண்டபின் என் கையில் ஒரு பெட்டியைத் திணித்தார். நூறு ஊசி. “இது உனக்கு மட்டும்.”

வீட்டில் மனைவி காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகினாள். சாமி படத்தின் முன் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு காபி போட்டுக்கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது இல்ல?”

“முடிஞ்சுது.”

“அப்போ இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். இத்தனை வருஷம் ஆச்சு.”

“என்ன உண்மை?”

“ஊசிதானா?”

நூறு ஊசிப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இடது புருவம் மெல்ல மேலே போயிற்று.

“எழுதிக்கோ” என்றேன்.