மகன் நிற்கும் கவுண்டர்

நான் பெற்ற மகன் என்னைப் பார்த்து இடுப்புவரை குனிந்து, எங்கள் பாஸ்போர்ட்டுகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பயணம் சௌகரியமாக இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டான். நானும் "யெஸ், தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாதவள் மாதிரி மேலே தொங்கிய கண்ணாடி விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. கருநீலக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக, வழுவழுவென்று முகம் மழித்து, ஆள் மெலிந்துபோயிருந்தான். கன்னத்தைப் பிடித்து, ஏன் அப்பு இப்படி வத்திப்போன என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

ஒப்பந்தத்துக்குக் காரணம் இருந்தது. ஒசாகா நகரத்தின் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய ஹோட்டலில் அவன் பெட்டி தூக்குகிறவனாகத்தான் சேர்ந்தான். ராத்திரியும் பகலும் அவர்கள் பாஷையைப் படித்து, மூன்று மாதத்துக்கு முன்னால்தான் வரவேற்புக் கவுண்டரில் ஏறியிருந்தான். அதுவும் சோதனைக்கு. அங்கேயே நிற்பதா, திரும்பவும் பெட்டிப் பக்கம் போவதா என்பதை மாதக் கடைசியில் மேனேஜர் அம்மா ஒருவர் முடிவு செய்வார். எங்கள் பக்கத்து ஆள் யாரையும் அந்தக் கவுண்டரில் இதுவரை நிறுத்தியதில்லையாம். நாங்கள் போய் இறங்கியதோ மாதக் கடைசி வாரம்.

அவன் குடியிருக்கும் அறையில் இரண்டு பேர் படுத்தால் மூன்றாமவர் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும். அதனால் வேலையாட்களின் குடும்பத்துக்கென்று இருக்கும் சலுகையில் முதல் இரண்டு நாள் எங்களுக்கு அந்த ஹோட்டலிலேயே அறை போட்டிருந்தான். திண்டுக்கல்லில் நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது போனில் பேசினான்.

"அம்மா, அந்த ரெண்டு நாளும் நீங்க கெஸ்ட்டு, நான் ஸ்டாஃபு. என்னையத் தொடாத. அப்புன்னு கூப்பிடாத. கவுண்டருக்கு முறுக்கு தூக்கிட்டு வராத. இம்புட்டுதான் கேக்குறேன்."

நான் மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து "உம்" என்றார். அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாகல் நகரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். மகன் கடையில் உட்காருவான் என்று நினைத்தார். அவனோ கேட்டரிங் படிக்கப் போனான். பிரியாணிக் கடையில் சேர்வதற்குக் காலேஜ் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்தபோது இவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஜப்பானுக்கு அவன் கிளம்பிய அன்று மதுரை விமான நிலையத்தில் அவன் தலை குனிந்து நிற்க, நான்தான் கட்டை விரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். இவர் தள்ளுவண்டியின் சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வீடியோ காலில் "சாப்டியா" என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிடுவார். நீங்கள் வராவிட்டால் நான் தனியாகப் போவேன் என்று சொன்ன பிறகுதான் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார்.

எங்கள் அறை இருபத்து மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் திரைச்சீலை தானாக விலகியது. கீழே ரயில்கள். ஒரே நேரத்தில் நான்கு, ஐந்து, எதிரும் புதிருமாக, சத்தமே இல்லாமல். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதைப் பார்த்தாலும் மார்க் போடுவது என் வியாதி. ஜன்னலுக்கு அந்த இடத்திலேயே நூற்றுக்கு நூறு போட்டேன். மூடி போட்ட கோப்பைகள், டீத்தூள் பொட்டலங்கள், இஸ்திரி போட்டு மடித்த இரவு அங்கிகள், காலுக்கு மெத்துமெத்தென்று செருப்பு. ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, "இங்க வாங்க, இதைப் பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கழிப்பறைக்குள் நுழைந்தால் மூடி தானாகத் திறக்கிறது. ஊரே குனிந்து கும்பிடும்போது கழிப்பறை மட்டும் சும்மா இருக்குமா? உட்காரும் இடம் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று பயந்து நான் வெளியே ஓடிவந்துவிட்டேன். அப்புறம் அதுவும் மின்சாரம்தான் என்று தெரிந்து, வேலையே இல்லாமல் இரண்டு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் இதில் எதையும் பார்க்கவில்லை. சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். விரலால் தட்டினார். "ரோலர் தடமே தெரியலியே" என்றார். அவர் வாயிலிருந்து வரும் பாராட்டு அவ்வளவுதான்.

மறுநாள் காலையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், படுத்த பாயைச் சுருட்டிவைத்து, இருந்த இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் கிளம்புவோம். பேகம்பூரில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது மண்டபத்து ஜமுக்காளத்தையே உதறி மடித்தவள் நான். இங்கேயோ அறையைச் சுத்தம் செய்ய வரப்போகிறவர்கள் என் மகனோடு வேலை பார்க்கிறவர்கள். அவனுடைய அம்மா அறையை மாட்டுக்கொட்டகை மாதிரி போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது. அது மேனேஜர் காதுக்குப் போனால் என்ன ஆகும்?

எனவே ஐந்து மணிக்கே எழுந்தேன். விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகினேன். தலையணைகளை வந்தபோது இருந்த மாதிரியே அடுக்கினேன். அங்கிகளை அதே மடிப்பில் மடித்தேன். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். கண்ணாடி, குழாய், தொட்டி எல்லாவற்றையும் துடைத்தேன். நான்கு துண்டுகளையும் சோப்புப் போட்டு அலசி, குளியலறைக் கம்பியில் வரிசையாகக் காயப்போட்டேன். குப்பையை ஒரு கேரி பேக்கில் கட்டிக் கையோடு எடுத்துக்கொண்டேன், கீழே எங்காவது போட்டுவிடலாம் என்று. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அந்த அறையில் மனிதர்கள் தங்கிய சுவடே இல்லை. எனக்கு நானே நூறு போட்டுக்கொண்டேன்.

காலைச் சாப்பாட்டில் ரொட்டி மட்டும் பத்துத் தினுசு இருந்தது. மீன், முட்டை, பெயர் தெரியாத கீரைகள். சோறு நன்றாகக் குழைந்திருந்தது, தொட்டுக்கொள்ள உருப்படியான வெஞ்சனம் இல்லாததால் அறுபது மார்க். அப்புறம் கோட்டையைப் பார்க்கப் போனோம். அகழியும் கற்சுவரும் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. ஒரே தொந்தரவு கையில் இருந்த குப்பைதான். அந்த ஊர்த் தெருக்களில் குப்பைத்தொட்டியே கிடையாது. கோட்டை உச்சிவரை அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, அதோடே எல்லாப் போட்டோவும் எடுத்துக்கொண்டு, மத்தியானம் மூன்று மணிக்கு அறைக்கே திரும்பக் கொண்டுவந்தேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் கதவு மணி அடித்தது. திறந்தால், சாம்பல் நிறக் கோட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. முதல் நாள் கவுண்டருக்குப் பின்னால் தூரத்தில் பார்த்த மேனேஜர்தான். பக்கத்தில் என் மகன், முகத்தில் ரத்தமே இல்லாமல்.

மேனேஜர் மெதுவாக, நீளமாகப் பேசினார். மகன் என் முகத்தைப் பார்க்காமல், மொழிபெயர்ப்பாளர் குரலில் தமிழில் சொன்னான். சுத்தம் செய்ய வந்தவர் அறையைப் பார்த்துப் பதறிப்போய்ச் சொல்லியிருக்கிறார். படுக்கையில் யாரும் படுக்கவில்லை. துண்டுகளை விருந்தாளிகளே துவைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் படுக்கை பிடிக்கவில்லை, துண்டுகள் அழுக்காக இருந்திருக்கின்றன, குறையை வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார்கள். இது ஹோட்டலின் தவறு. மன்னிக்க வேண்டும். வேறு அறை தயாராக இருக்கிறது.

சொல்லி முடித்ததும் இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள். ஆழமாக, நிமிராமல்.

எத்தனையோ வருஷம் பொதுத்தேர்வு நாள் காலையில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வரிசையாக வந்து என் முன்னால் தலை குனிவார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிற பிள்ளையானாலும் சரி, ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை போட்டு உள்ளே அனுப்புவேன். குனிந்த தலையைக் கண்டால் என் கை என்னைக் கேட்காது. மகன் நெற்றியில் கட்டை விரல் பட்டது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. அந்த வேகத்தில் அடுத்த தலைக்கும் போய், மேனேஜர் அம்மா நெற்றியிலும் சிலுவை போட்டு முடித்திருந்தேன்.

மேனேஜர் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். மகன் நிமிர்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டான். சத்தியம் போயிற்று, பிள்ளையின் வேலையும் போயிற்று என்று நினைத்தேன்.

மேனேஜர் நிமிர்ந்து அவனிடம் ஏதோ கேட்டார். அவன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னான். மறுபடி கேட்டார். அவன் என்னிடம் திரும்பினான்.

"ஏன் அறையைச் சுத்தம் பண்ணீங்கன்னு கேக்குறாங்கம்மா."

பயத்தில் பொய் எதுவும் வரவில்லை. "ஒன்னோட வேலை பாக்குறவங்களுக்கு எங்களால ஒரு வேலை கூடிறக் கூடாதுன்னு பண்ணேன். வேற ஒரு குறையும் இல்ல. துண்டு வெள்ளையாத்தான் இருந்துச்சு" என்றேன். அவன் அதைச் சொல்ல நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். மேனேஜர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. என் கையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த குப்பைப் பையைப் பார்த்தார். இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு, குனிந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகனிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. நாளைக் காலையில் எதையும் தொடாமல் வரவும், துண்டைக்கூட. கோபமா, வருத்தமா என்று அந்த எழுத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர், ஒரு வார்த்தை திட்டவில்லை. "அவன் பேசுனதக் கேட்டியா? தங்கு தடை இல்லாம பேசுறான்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி ரயில்களை எண்ண ஆரம்பித்தார்.

காலையில் படுக்கையைக் கலைந்தபடியே விட்டுவிட்டு வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கை நமநமவென்று அரித்தது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

கவுண்டரில் மகன் நின்றான். பக்கத்தில் மேனேஜர். அறைச் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எல்லாம் திருப்தியாக இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு "யெஸ்" என்றேன். அவன் குனிந்தபோது பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டேன்.

அப்போது மேனேஜர் எங்களைப் பார்த்து ஜப்பானிய மொழியில் பேசத் தொடங்கினார். மகன் பழக்கப்படி கூடவே தமிழில் சொன்னான்.

"மேடம் சொல்றாங்க, ரெண்டு நாளும் தங்குனதுக்கு நன்றி. உங்க வீட்டுப் பழக்கத்தைப் பத்தி இங்க எல்லார்ட்டயும் சொன்னாங்களாம். அடுத்த மாசத்துல இருந்து உங்க மகன்…"

நின்றுவிட்டான். மேனேஜர் காத்திருந்தார்.

"உங்க மகன் இந்தக் கவுண்டர்லயேதான் இருப்பாராம். இப்பத்தான் முடிவு பண்ணிருக்காங்களாம். அவரை வளத்ததுக்கு நன்றின்னு சொல்றாங்க."

அவனுக்கே அது அந்த நிமிஷம்தான் தெரியும். சேதியும் அவனுக்கானது, அதைச் சொல்ல வேண்டியவனும் அவனே. எனக்கு அவன் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. இருந்தும் சத்தியத்தை நினைத்து மரம் மாதிரி நின்றேன்.

என் வீட்டுக்காரர், "சரியா விளங்கலயே. இன்னொரு தடவ சொல்லு" என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மகன் அதை மேனேஜரிடம் சொன்னான். தான் பேசியதுதான் சரியில்லையோ என்று அந்த அம்மா நினைத்துவிட்டார் போலிருக்கிறது. முதலிலிருந்து எல்லாவற்றையும் நிதானமாக, கையால் கவுண்டரைத் தொட்டுக் காட்டி, திரும்பவும் சொன்னார். மகன் காத்திருந்து கேட்டான். இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் குரல் வரவில்லை.

"அப்பா, நான் இங்கயே நிக்கப் போறேம்ப்பா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தான்.

என் வீட்டுக்காரர் கவுண்டருக்கு மேலே எட்டி, பெயிண்ட் கறை போகாத அந்தக் கட்டை விரலால் அவன் நெற்றியில் மெதுவாகச் சிலுவை போட்டார். வாழ்க்கையில் முதல் தடவை. நான் பதறிப்போய் மேனேஜரைப் பார்த்தேன். பிறகுதான் நினைவு வந்தது, சத்தியம் செய்து கொடுத்தது நான் மட்டும்தான்.