துப்பாக்கிக்குப் பின்னால் நாகப்பன்

நெமிலிச்சேரி நாகப்பன் போலீஸ் உடுப்பிலேயே தலை நரைத்து, வழுக்கையும் விழுந்தவர். போலீஸில் மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. பூந்தமல்லியைத் தாண்டிய படப்பிடிப்புத் தளங்களில் அவர் துணை நடிகர். கோர்ட்டு வராந்தா, கருவூல வாசல், மந்திரி வீட்டுக் கேட்டு என்று எங்கெல்லாம் ஒரு த்ரீ நாட் த்ரீ ரைஃபிளும் அதைப் பிடிக்க ஒரு ஆளும் வேண்டுமோ அங்கெல்லாம் நாகப்பன் நிற்பார். இதில் முக்கியம் ரைஃபிள். ஆள் எதற்கென்றால், அது கீழே விழாமல் இருக்க.

அந்த ரைஃபிளும் ரைஃபிள் இல்லை. ஏதோ கட்டில் காலை இழைத்து, தண்ணீர்க் குழாயைச் செருகிக் கறுப்புப் பெயின்ட் அடித்தது. வெயில் ஏறினால் பெயின்ட் உள்ளங்கையில் ஒட்டும். சட்டம் ஒழுங்கைக் காத்துவிட்டு வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்ப்பார்.

ஆனாலும் நாகப்பனிடம் ஒரு வித்தை இருந்தது. சினிமாவில் ஒருமுறை பளிச்சென்று தெரிந்துவிட்ட முகம் அதே படத்தில் மறுபடி வரக்கூடாது. காலையில் கான்ஸ்டபிளாக நின்றவர் மதியம் ரௌடிக் கும்பலில் ஓடினால் ரசிகன் சும்மா விடுவானா? ஆகவே, முகம் தெரியாதவனுக்குத்தான் மறுநாளும் வேலை. நாகப்பன் இதை வந்த புதிதிலேயே புரிந்துகொண்டார். சல்யூட்டுக்காக ரைஃபிளை நெஞ்சுக்கு நேரே தூக்கும்போது நாலு விரல்கடை கூடுதலாகத் தூக்குவார். மூக்கும் ஒரு கண்ணும் கட்டைக்குப் பின்னால் போய்விடும். மீதியைத் தொப்பி பார்த்துக்கொள்ளும்.

ஆள் பிடித்து அனுப்பும் ஏஜென்ட் டில்லிபாபு இதைச் சொல்லியே அவரை விற்பான். "நாகப்பண்ணன் மூஞ்சி மாரி ஒரு மூஞ்சி கெடைக்காது சார். பத்து தபா காட்டலாம், ஒரு தபாகூட தெரியாது."

இந்தப் பாராட்டின் சேதாரம் வீட்டில் தெரிந்தது. மகள் அகல்யா நாலாங்கிளாஸில் "எங்கப்பா சினிமால நடிக்கிறாரு" என்று சொல்லிவிட்டாள். தோழிகள் அம்பத்தூர் தியேட்டருக்குக் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எங்கடி உங்கப்பா?" என்றார்கள். "அந்தத் துப்பாக்கிக்குப் பின்னாடி" என்றாள். பள்ளிக்கூடம் முடிகிற வரை அவளுக்குப் பொய்க்காரி என்று பெயர். இப்போது அவள் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "பிரைவேட்" என்கிறாள்.

நாகப்பனுக்கு ஒரே ஓர் ஆசைதான். ஒரு படத்தில், ஒரு தடவை, முகம் தெரிய வேண்டும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.

அதற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நிஜப் போலீசே த்ரீ நாட் த்ரீயை ஓரங்கட்டிவிட்டது. படத்துப் போலீசுக்கு இப்போது கறுப்புக் கண்ணாடியும் மெஷின் கன்னும். கட்டில்கால் ஆட்களை யார் கூப்பிடுவார்கள்?

ஒருவன் கூப்பிட்டான். ஸ்ரீநாத், ஐடி வேலையை விட்டுவிட்டு வந்த இளம் டைரக்டர். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன நம்மூர் சிப்பாய்களின் கதை. பிரான்சைப் பூந்தமல்லிக்குப் பின்னால் பொக்லைன் வைத்துத் தோண்டியிருந்தார்கள். சித்திரை வெயில். அத்தனை பேருக்கும் கம்பளி ஓவர்கோட்டு. பிரான்சில் பனியாம்.

ஸ்ரீநாத்துக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். ஆகவே ஒரே ஒரு நிஜ ரைஃபிள் வந்தது, குழல் அடைக்கப்பட்டு, காவலுக்கு இரண்டு ஆட்களோடு. துணை நடிகர்கள் மரத் துப்பாக்கிகளோடு வெயிலில் வரிசை கட்டி நிற்க, அவன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"நம்ம த்ரீ நாட் த்ரீயோட அசல் பேரு லீ என்ஃபீல்டு. லீங்கறது இதை டிசைன் பண்ண ஆளு. என்ஃபீல்டுங்கறது லண்டன் பக்கத்துல ஊரு."

"புல்லட்டு வண்டியும் இதுவும் ஒரே ஊட்டு ஆளுங்களா சார்?" என்றான் டில்லிபாபு.

"ஒருவகைல சொந்தம்தான். ரெண்டு உலகப் போரையும் பாத்த துப்பாக்கி இது. அப்புறம் நம்ம நாட்டுலயே, வங்காளத்துல இஷாப்பூர்ல செஞ்சாங்க. அறுபத்திரண்டுல சீனாக்காரனுக்கு எதிராகூட இதைத்தான் தூக்கினு நின்னாங்க. அப்புறம்தான் போலீசுக்கு வந்துச்சு."

வரிசையில் ஒருவன் மயங்கி விழுந்தான். வரலாறு நிற்கவில்லை.

நாகப்பனும் கேட்டுக்கொண்டிருந்தார். சாம்ராஜ்யத்தைக் காத்தது, எல்லையைக் காத்தது, கடைசியில் கருவூல வாசலில் கொட்டாவி விட்டது. இவ்வளவு சுற்றியும் அதன் மொண்ணை மூக்கைப் பார்த்தால் நாட்டில் எல்லோருக்கும் அடையாளம் தெரிகிறது. கொடுத்துவைத்த துப்பாக்கி.

பேச்சு முடிந்ததும் ஸ்ரீநாத் வரிசையைப் பார்த்தபடி நடந்தான். நாகப்பனுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான்.

"இவரு யாரு? துப்பாக்கியோட பொறந்த மாதிரி நிக்கிறாரே!"

நிஜ ரைஃபிள் நாகப்பன் கைக்கு வந்தது. கட்டில்காலுக்குப் பழகிய தோள் அந்த எடையில் ஒரு பக்கம் சாய்ந்தது. உதவி டைரக்டர் சௌம்யா காட்சியை விளக்கினாள். "நண்பனோட சமாதி. ஆபீசர் 'ப்ரசன்ட் ஆர்ம்ஸ்' சொல்வாரு. எல்லாரும் துப்பாக்கியைத் தூக்குவாங்க. நீங்க தூக்கக்கூடாது. அப்படியே லென்ஸைப் பாருங்க. குளோசப். புரியுதா?"

"லென்ஸைப் பாக்கணுமா?" என்றார் நாகப்பன். இத்தனை வருஷமாக அதைப் பார்த்ததற்குத்தான் துணை நடிகர்கள் திட்டு வாங்குவார்கள்.

சாயங்கால வெளிச்சத்தில் எடுப்பதாக முடிவு. இடைவெளியில் மனைவி ராஜகுமாரிக்குப் போன் போட்டார்.

"குளோசப் தராங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"துப்பாக்கிக்கா, உங்களுக்கா? நல்லா கேட்டீங்களா?"

"மூஞ்சிக்குடி! அகல்யாகிட்ட சொல்லு."

"மொதல்ல வரட்டும். மூக்குல பெயின்ட்டு கீது, தொடச்சிக்குங்க." பார்க்காமலே சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

சூரியன் சாய்ந்தது. புகை போட்டார்கள். கேமரா முகத்துக்கு முழ தூரத்தில் வந்து நின்றது. நாகப்பன் தனக்குள் சொல்லிக்கொண்டார்: தூக்காதே, பாரு. தூக்காதே, பாரு.

"ஆக்‌ஷன்!"

"ப்ரசன்ட் ஆர்ம்ஸ்!"

கைகள் அவரைக் கேட்கவில்லை. ரைஃபிள் மேலே போயிற்று, நாலு விரல்கடை கூடுதலாக. மூக்கு, ஒரு கண், அதோடு முகவாய். தொப்பி தன் பங்குக்கு இறங்கிக்கொண்டது. வாழ்நாளில் அவ்வளவு கச்சிதமாக அவர் மறைந்ததே இல்லை.

"கட்!"

நாகப்பன் ரைஃபிளை இறக்கினார். "சார், இன்னொரு தபா..."

ஸ்ரீநாத் மானிட்டரில் இருந்து ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "யோசிக்கவே முடியாது சார்! போருக்கு முகம் கிடையாது, ஆயுதம் மட்டும்தான். எப்படி சார் தோணுச்சு?"

எப்படித் தோன்றும்? நாகப்பன் வாயைத் திறப்பதற்குள் வெளிச்சம் போயிருந்தது. காவலாட்கள் ரைஃபிளை வாங்கித் துணியில் சுற்றிப் பெட்டியில் படுக்க வைத்தார்கள். அதற்கு ஒரு தலையணைகூட இருந்தது.

டில்லிபாபு டீயோடு வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "கவலைப்படாத அண்ணாத்தே. மூஞ்சி தெரியலல்ல? அப்போ நாளைக்கும் வேலை கீது. செத்த ஜெர்மன்காரனா வந்துடு."

மறுநாள் நாகப்பன் ஜெர்மன்காரனாகச் செத்துக் கிடந்தார். கையில் துப்பாக்கி இல்லை. செத்தவனுக்கு எதற்கு? தொப்பி உருண்டு எங்கேயோ போயிருந்தது. மறைத்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தபோது, அட, இதுவும் முகம்தானே என்று தோன்றியது. மெதுவாகக் கேமராப் பக்கம் திரும்பினார்.

"அந்த ஜெர்மன்!" சௌம்யாவின் மைக் அலறியது. "குப்புறப் படுங்க சார். ஜெர்மன்காரன் இவ்ளோ கறுப்பா இருக்கமாட்டான்!"

குப்புறப் படுத்தார்.

படம் வந்தது. பட்டாபிராமில் இருந்து அம்பத்தூர் வரை போஸ்டர். ஆள் உயரத்துக்கு அந்த ரைஃபிள், அதன் பின்னால் இருட்டாக ஏதோ ஒன்று. தியேட்டரில் அகல்யா அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். குளோசப் வந்து போனது. கூட்டம் கைதட்டியது, துப்பாக்கிக்கு. நாகப்பன் பாப்கார்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அகல்யா அதில் ஒரு கை அள்ளிக்கொண்டாள். சின்ன வயதில் சொல்லிப் பட்டது போதும் என்று நினைத்தாளோ என்னவோ.

அப்புறம் போர்க்களம். சேற்றில் பிணங்கள். கதாநாயகன் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகிறான். திடீரென்று ராஜகுமாரி எழுந்து நின்றாள்.

"ஏய், அது உங்கப்பாடி! அந்த வழுக்கை!"

"எந்த வழுக்கை?"

"குப்புறப் படுத்துகினு கீதே, அது! தெனம் எண்ணெய் வெக்கிறவ எனக்குத் தெரியாதா?"

அகல்யா திரையைப் பார்த்தாள். திரும்பி அப்பாவின் பின்மண்டையைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து, கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் அடிக்கக்கூடாத ஒரு விசிலை அடித்தாள்.

"அந்த ஜெர்மன் எங்கப்பாங்க!" என்றாள், முன் வரிசையில் திரும்பிப் பார்த்தவர்களிடம்.

அவர்கள் நம்பவில்லை. நாகப்பன் தலையைக் குனிந்து, வேண்டியவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வழுக்கையைக் காட்டினார்.