வட்டக்கச்சியில் எரிந்த வெள்ளை மாளிகை

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில், கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சரித்திரம் படிப்பித்தேன். என் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, காட்டை வெட்டி வயலாக்கியவர்கள். என் வகுப்பில் பாதிப்பேர் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் மலையகத்துப் பிள்ளைகள். அந்தக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளை எரித்து அடித்து விரட்ட, உடுத்த உடையோடு வன்னிக்கு வந்த குடும்பங்கள் அவர்களுடையவை.

ஒரு வருடம் பெற்றோர் தினத்துக்கு நாடகம் போடச் சொன்னார் பள்ளி அதிபர். அமெரிக்கா புதுக் குடியரசாக இருந்த காலத்தைத்தான் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதையே நாடகமாக்கினேன். முதல் ஜனாதிபதி பதவியேற்பார். மூன்றாம் ஜனாதிபதி பிரான்ஸிடம் பெருநிலம் வாங்குவார். சனங்கள் மேற்கே போவார்கள். பிறகு பிரிட்டனோடு சண்டை மூளும்.

மேற்கே போகும் காட்சிக்கு உண்மையான மாட்டுவண்டியே வந்தது. சட்டி பானையும் கோழிக்கூடும் ஏற்றிய வண்டி மைதானத்துக்குள் திரும்பியதும் தகப்பன்மார் எழுந்து நின்று கைதட்டினார்கள். "இது எங்கட கதையெல்லோ!" என்று அப்பா கத்தினார். அந்த நிலத்தின் பழங்குடிகளாக நின்ற இரண்டு பெடியள் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. மாடு சாணி போட்டதற்குத்தான் அடுத்த கைதட்டல்.

நாலாம் ஜனாதிபதியின் மனைவியாக நடித்தவள் மலையகத்துப் பிள்ளை ஒருத்தி. வகுப்பில் வாயே திறக்காதவள். என் பட்டுச்சேலையைக் கட்டிவிட்டிருந்தேன். பிரிட்டிஷ் படை தலைநகருக்குள் வருகிறது என்று ஆள் ஓடிவந்து சொல்ல, மேசையில் பரிமாறியிருந்த சாப்பாட்டை அப்படியே விட்டு, முதல் ஜனாதிபதியின் படத்தை மட்டும் கழற்றுவித்துக்கொண்டு அவள் வெளியேற வேண்டும். அழகாகவே செய்தாள். பிறகு காகித மட்டையில் செய்த வெள்ளை மாளிகைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தினோம். புகை எழும்பியபோது அவளுடைய தாய் கூட்டத்திலிருந்து எழுந்து போவதைக் கண்டேன்.

கோபமாக்கும் என்று நினைத்தபடி பின்னால் போனேன். வேலியோரம் நின்றிருந்தார்.

"அந்த அம்மா சாப்பாட்டை அப்படியே வச்சிட்டா போனாங்க, டீச்சர்?"

"ஓம். வந்த ஆமிக்காரர் அதைச் சாப்பிட்டுட்டுத்தான் நெருப்பு வைச்சவங்களாம்."

"எங்க லயத்துக்கு நெருப்பு வச்ச அன்னைக்கு நானும் ஒல வச்சிருந்தேன். அரிசி கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு." புகையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த அம்மா திரும்பிப் போனாங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஊருக்குத் திரும்பினவா. ஆனா அந்த வீட்டில பிறகு இருக்கேல்லை. திருத்தி முடியிறதுக்குள்ள அடுத்த ஜனாதிபதி வந்திட்டார்."

"ஊருக்குப் போயிட்டாங்கல்ல," என்றார். "அது போதுங்க."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். குசினியில் அம்மாவோடு அரிசி புடைத்தபடி மலையைப் பற்றியே கதைப்பார். விடியற்காலைக் குளிரில் விரல் மடங்காதது, பக்கத்தில் நிற்பவளின் முகமே தெரியாத பனிமூட்டம், எங்கோ மேலே விழுந்துகொண்டேயிருக்கும் தண்ணீரின் சத்தம். வன்னியின் சமதரையைத் தவிர வேறெதுவும் பார்த்திராத எனக்கு, வயல் வரம்பில் நடக்கும்போதெல்லாம் எதிரே ஒரு மலை இருக்கக் கூடாதா என்று இருக்கும். போகாத ஊருக்கு இப்படி ஏங்க முடியுமென்று அதுவரை நான் அறிந்ததில்லை.

"லீவு விடட்டும். ரெண்டு பேரும் போவம்," என்று ஒருநாள் சொன்னேன். வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுப்பதாகத் திட்டம். அவர் சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். எனக்குக் குளிரும் என்று யாரிடமோ ஒரு கம்பளிச் சட்டைகூட வாங்கி வைத்திருந்தார். அந்த லீவு தொடங்கும் முன்பே எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. தெற்கே திரும்பவும் தமிழரின் வீடுகள் எரிந்தன. அதன் பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி நாங்கள் கதைக்கவேயில்லை.

அடுத்த ஆண்டு அவர் கணவரோடு மன்னார்ப் பக்கம் போய், படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் வந்து, வேலிப் படலையடியில் நின்றபடியே விடைபெற்றார். உள்ளே வந்து கதிரையில் இருக்கச் சொன்னேன். "ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேன் டீச்சர்," என்றார்.

மகள் கிளிநொச்சியில் கலியாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டாள். சில வருடங்கள் கழித்துச் சந்தையில் கைக்குழந்தையோடு கண்டபோது தாயைப் பற்றிக் கேட்டேன்.

"அங்க மலைப்பக்கம்தான் வேலையாம் டீச்சர். தேயிலையும் இருக்காம், பனியும் இருக்காம்," என்றாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "ஆனா அது நம்ம மலை இல்லையேன்னு அம்மா அழுவுதாம்."

அவளை பஸ் ஏற்றிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டே வட்டக்கச்சி வரை நடந்தேன். ஏறி மிதிக்க மனம் வரவில்லை.