வெர்லி மாகர்ட் நின்ற இடம்

எங்கள் கென்டக்கி மலைப்பகுதியில், ஒருவர் வீட்டுக்குச் செல்பவர் வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் படியேறுவார். காவலர் வண்டி வந்துசேர ஒரு மணி நேரமாகும் இடத்தில், குரல் கொடுக்காத காலடியை எவரும் விருந்தினருடையதாகக் கருதுவதில்லை.

என் அடுத்த வீட்டுக்காரியான வெர்லி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். சுரங்க விபத்தில் முதுகொடிந்து படுத்த படுக்கையாகிவிட்ட தன் தந்தை எஸ்டிலைத் தனியாகவே பராமரிக்கிறாள். அவர் உட்கொள்ளும் வலி மாத்திரைகள் போதையும் தருபவை; அவற்றுக்காகத் திருடர்கள் அலையும் காலம் இது. சென்ற இலையுதிர்காலத்தில் ஓடையோரம் இரண்டு வீடுகளின் கதவுகளை உடைத்தார்கள்.

ஞாயிறு ஆராதனைக்குப் பின் வெர்லியின் வீட்டில் நாங்கள் பீன்ஸும் சோள ரொட்டியும் உண்டுகொண்டிருந்தபோது, திருடன் வந்தால் எதைக் கையில் வைத்திருப்பது என்று அவளுக்கும், ஓடைக்கு அப்பால் வசிக்கும் அவள் தம்பி டென்வருக்கும் வாக்குவாதம் மூண்டது. கைத்துப்பாக்கியே சிறந்தது என்றான் டென்வர். அதற்கு ஒரு கை போதும், மறு கையால் தொலைபேசியில் உதவி கேட்கலாம், குறுகிய நடையில் குழலை எவனும் பற்றி இழுக்க முடியாது. ரவைகளைச் சிதறவிடும் நீண்ட குழல் ஷாட்கன்னைத் தோளில் பதித்தால், அது கை நடுங்கினாலும் நிலைத்து நிற்கும் என்றாள் வெர்லி.

“அந்தக் கழியைத் தூக்கிட்டு நீ நடையில திரும்புறதுக்குள்ள, திருடன் காப்பி போட்டுக் குடிச்சிட்டுப் போயிருவான்க்கா.”

“நீ பிஸ்டலால குறிவெச்ச டப்பா இன்னும் வேலி மேலயேதான்டா ஒக்காந்திருக்கு.”

அடுத்த அறையிலிருந்து எஸ்டிலின் குரல் வந்தது. “செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தன் கெடக்கேன். எதால சுட்டாலும் அது எம்மேல பாயுமான்னு யாராச்சும் யோசிச்சீங்களா?”

வெர்லி தட்டை நகர்த்திவிட்டு, எழுந்துபோய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

மறுநாள் வெர்லி, வீட்டுச் சுவரில் உள்ளவை போன்ற இரண்டு ஜிப்சம் பலகைகளை ஓடைக்கரையில் நிறுத்தினாள். அவற்றின் பின்னால், தந்தையின் தலையணை உயரத்தில், நீர் நிரப்பிய பால் குடுவைகளை வைத்தாள். மண்மேட்டை நோக்கிச் சுட்டார்கள். கைத்துப்பாக்கியின் குண்டு பலகைகளைத் துளைத்துக் குடுவையையும் துளைத்தது. ஷாட்கன்னின் பெரிய ரவைகள் அடுத்த குடுவையைச் சிதறடித்தன. பறவை வேட்டைக்குரிய சிறு ரவைகளும் இன்னொன்றை ஒழுகவிட்டன. எதால் சுட்டாலும் அந்தச் சுவர் தந்தையைக் காக்காது.

தந்தையின் கட்டிலைக் கல் புகைபோக்கிக்குப் பின்னால் நகர்த்தலாம் என்றான் டென்வர். அங்கே சன்னல் இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றே தமக்கு மிஞ்சியிருக்கும் உலகம் என்று எஸ்டில் மறுத்துவிட்டார். வெர்லி அவரை வற்புறுத்தவில்லை. தன் கட்டிலைத் தூக்கிவந்து அவருடைய அறைவாசலின் குறுக்கே போட்டாள். அங்கு நின்றால் தந்தை அவளுக்குப் பின்னால் இருப்பார். வருகிறவன் முன்னால் இருப்பான். அவனுக்கு அப்பால் வாசலும் வெறும் மலைச்சரிவும். எதைக் கொண்டு சுடுவது என்ற கேள்வியோடு நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். எங்கே நிற்பது என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

நவம்பரில் ஒரு மழை மாலையில் முன்கதவு திடீரெனத் திறந்தது. வேலியிலிருந்து குரல் எதுவும் வந்திருக்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில், மேலங்கிக்குள் எதையோ மறைத்தவாறு ஓர் உருவம் உள்ளே பாய்ந்தது. அதற்குள் வெர்லி தன் இடத்தில் நின்றிருந்தாள். ஷாட்கன் தோளில் பதிந்திருந்தது.

“அங்கேயே நில்லு. கையக் காட்டு. பேரச் சொல்லு.”

மேலங்கியிலிருந்து மாத்திரைப் பொட்டலம் கீழே விழுந்தது.

“நான்தான்க்கா... டென்வர்.”

வண்டி ஓடையில் சிக்கிக்கொண்டதால், தந்தையின் மருந்து நனைந்துவிடுமே என்று ஓடிவந்தவன், குரல் கொடுக்க மறந்திருந்தான். பொட்டலத்தைப் பொறுக்கிக்கொண்டு வாசற்படியில் அமர்ந்தான். வெர்லி குழலைத் தாழ்த்தித் தோட்டாக்களை எடுத்தாள்.

“ஒன் எடத்துல நான் பிஸ்டலோட நின்னிருந்தா, பேரக் கேட்டிருக்க மாட்டேன்க்கா,” என்றான் அவன்.

“அப்பா எனக்குப் பின்னால இருந்தாருடா. எனக்கு அவசரம் இல்ல.”

மறுநாள் இதை என்னிடம் கூறியவன் டென்வர்தான். அவள் இன்றுவரை வாய் திறக்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கியவர்கள் பலரை நான் அறிவேன். குழல் முனையில் நிற்பவன் தன் பெயரைச் சொல்லும்வரை பொறுத்திருந்தவரை வேறெங்கும் கண்டதில்லை. அந்த மழை மாலையில் அவள் செய்த அடுத்த வேலை, தந்தையின் விரிப்பை மாற்றுவதற்காக அவரை ஒரு பக்கம் தூக்கிப்பிடிக்கும்படி தம்பியை அழைத்ததுதான்.